தண்ணீரைக் குறைத்தால் கசிவு நிற்காது

"தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் சிறுநீர்க் கசிவு நின்றுவிடும், அதுவரை மாதவிடாய் நாப்கினே போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி சிறுநீர்ப்பையை உறுத்தும்; அவசரம் கூடத்தான் செய்யும். மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டால் இன்னும் மோசம். குறைத்துப் பார்க்க வேண்டியது காபி, டீ, மது போன்றவற்றை. (இதய, சிறுநீரக நோய்க்காக டாக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அது வேறு கதை.)

நாப்கின் விஷயத்துக்கு வருவோம். மாதவிடாய் ரத்தம் கெட்டியானது, மெதுவாக வரும். சிறுநீரோ சட்டென்று மொத்தமாக வரும். அதற்கென்றே உள்ள பேடுகளில் ஈரத்தை ஜெல்லாக மாற்றிப் பிடித்துவைக்கும் பொருள் இருக்கிறது. தோலில் ஈரம் தங்குவது குறையும், வாடையும் குறையும். பெரிய சைஸ் என்றால் கூடுதலாகத் தாங்கும் என்பதும் தப்புக் கணக்கு. தொடையோரம் இடைவெளி இருந்தால் அந்த வழியாகவே ஒழுகும். இருமும்போது சில சொட்டு வருபவருக்கு மெல்லிய பேடே போதும், டயப்பர் எதற்கு? ஆண்களுக்கு முன்பக்கம் பொருந்தும் வடிவில் தனியாகவே கிடைக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

அப்புறம், எந்தப் பேடும் சிகிச்சை அல்ல. இடுப்புத்தளத் தசைகளை (சிறுநீரை அடக்கும்போது நாம் இறுக்கும் தசைகள்) இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை என்று குறைந்தது 3 மாதம் செய்தால் இருமல், தும்மலில் வரும் கசிவு பலருக்குக் குறையும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், அல்லது திடீரென ஆரம்பித்த கசிவு என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.