நீதி முந்தியது, அரசு பிந்தியது

நேற்றைய நேரலையைப் பார்த்திருப்பீர்கள். "அரசு வந்த பிறகுதான் நீதி வந்தது, சட்டம் சொல்வதே நீதி" என்றார் அதை நடத்தியவர். நான் மறுத்ததும் "முதலில் படிச்சிட்டு வாங்க" என்றார். இரவெல்லாம் தூக்கமில்லை.

சரி, படித்ததையே சொல்கிறேன். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்தைத் தாண்டிய கறுப்புக் கல் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோன் அரசர் ஹமுராபி சட்டங்களைச் செதுக்கிவைத்த கல். அதன்படி, உயர்குடியில் ஒருவன் இன்னொருவன் கண்ணைப் பறித்தால் அவன் கண்ணும் போகும். சாமானியனின் கண் என்றால் ஒரு மினா, அதாவது சுமார் அரைக் கிலோ வெள்ளி. அடிமையின் கண் என்றால் அவன் விலையில் பாதி. அரசு இருந்தது, சட்டம் இருந்தது. கண் போன அடிமைக்கு எழுத்து தெரிந்திருக்காது, ஆனால் வலி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தெரிந்திருக்கும்.

எனக்கு ஒன்பது வயதில், யாரோ ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்கு வகுப்பு முழுவதற்கும் பிரம்படி. வியர்த்த கையில் பிரம்பு வழுக்கியது. "ஒழுங்கா நீட்டு" என்று இன்னொன்று விழுந்தது. உடைத்தவன் என் பக்கத்தில்தான் நின்றான். தன் அடிக்கு அழாதவன், எனக்கு விழுந்ததைப் பார்த்து அழுதான். அந்த வயதில் எங்களுக்கு எந்தச் சட்டம் தெரியும்? நீதி முந்தியது, அரசு பிந்தியது.

"அரசு இல்லாவிட்டால் வலியவன் எளியவனை விழுங்கிவிடுவானே?" என்பீர்கள். 1651இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹாப்ஸ் சொன்னதும் அதுதான். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, அரசரின் தலையே வெட்டப்பட்ட காலம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அரசே வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் மக்கள் கூடி ஒப்பந்தம் போட்டு அரசை உண்டாக்கினார்கள் என்ற கதையை 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம் மறுத்தார். பெரும்பாலான அரசுகள் படையெடுப்பிலோ அபகரிப்பிலோ தொடங்கியவை என்றார். வாளோடு வந்தது எப்படி நீதியைப் பெற்றெடுக்கும்? "அப்ப ஆளுக்கொரு நீதியா?" என்றால், இல்லை. வலி எல்லோருக்கும் ஒன்றுதானே.

தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க 1850இல் அமெரிக்கா சட்டமே போட்டது. அவர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் சட்டப்படி குற்றவாளிகள். அவர்களா அநீதி செய்தவர்கள்? இதைக் கேட்க ஆரம்பித்தபோதுதான் நேரலையில் அவர் என் மைக்கை அணைத்தார்.

இத்தனை வருடம் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறேன். நான் சொல்வது தப்பென்றால் தப்பென்றே சொல்லியிருக்கலாம். சொல்லி முடிக்கும்வரை கேட்டிருக்கலாமே, அண்ணா.