உருளும் குண்டின் கணக்கு

1 மீட்டர் உயரச் சாய்தளத்தில் உருண்டு இறங்கும் இரும்புக் குண்டு அடிவாரத்தில் விநாடிக்கு 4.43 மீட்டர் வேகம் பெறும் என்று கட்டுரையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உராய்வின்றி வழுக்கி வந்தால்தான் அந்த விடை. உருளும் குண்டு தன்னைத்தானே சுற்றவும் ஆற்றல் வேண்டுமே! திண்மக் கோளத்தில் நிலையாற்றலின் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போய்விடும்; மிச்சம்தான் முன்னோக்கிய ஓட்டத்துக்கு. எனவே வேகம் சுமார் 3.74 மீட்டர். குண்டு சிறிதோ பெரிதோ, விடை மாறாது. உள்ளீடற்ற பந்து என்றால் இன்னும் குறைந்து 3.43.

சோதனையில் வேகம் குறைந்ததற்கு உராய்வின் மேல் பழி போட்டிருப்பதும் சரியல்ல. வழுக்காமல் உருளும்போது தளத்தைத் தொடும் புள்ளி அக்கணத்தில் நகர்வதே இல்லை. அங்கே உராய்வு ஆற்றலை வெப்பமாக்கி விழுங்குவதில்லை. குண்டைச் சுழல வைக்கிறது, அவ்வளவுதான். பிளஸ் ஒன் மாணவர்கள் படிக்கும் கட்டுரை, தயவுசெய்து திருத்திவிடுங்கள்.