கூஸ்பம்ப்ஸ் தடை செய்யப்படவில்லை

அண்ணா, “கூஸ்பம்ப்ஸை அமெரிக்காவிலேயே தடை செய்துவிட்டார்கள், பிள்ளைகளைப் பயமுறுத்துகிற புத்தகமே 90களில் வந்த வியாபாரம்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் சரியில்லை. 1992இல் தொடங்கிய அந்தச் சிறுவர் திகில் கதைப் புத்தகத் தொடரை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி அங்கே பெற்றோர் நிறைய முறைப்பாடு கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் முறைப்பாடு வேறு, தடை வேறு. நாடு முழுக்கத் தடை என்று ஒன்று வந்ததே இல்லை, புத்தகம் இன்றைக்கும் விற்கிறது.

அப்புறம் அந்த 90கள் கதை. ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹோஃப்மன் என்ற டொக்டர் தன் மூன்று வயது மகனுக்காக எழுதி 1845இல் வெளிவந்த ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’ புத்தகத்தில், விரல் சூப்புகிற பையனின் இரண்டு கட்டைவிரலையும் தையற்காரன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுவான், படத்தோடு! அவ்வளவு தூரம் ஏன், முருங்கை மரத்தில் தொங்குகிற பிணத்தை விக்கிரமாதித்தன் தோளில் போட்டு நடக்க, அதற்குள் இருக்கிற வேதாளம் பதில் தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடிக்கும் என்று மிரட்டுகிற கதையை வெள்ளவத்தையில் கரண்ட் போன இரவுகளில் அம்மம்மா எங்களுக்குச் சொல்லித்தானே சோறு தீத்தினார்? என் மகளுக்கு ஒன்பது வயது, அந்தக் கட்டைவிரல் பக்கத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள், பயந்தது நான்தான்.