பழக்கி அனுப்புவதற்குப் பெயர் கைவிடுவது அல்ல

கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் அதைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. 14 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, தன் வயதை ஒத்த மச்சாளோடு, பெற்றோரின் அனுமதியுடன் தெற்கே உள்ள காலி நகருக்குப் புகையிரதத்தில் போனாள். திரும்பும் வண்டியைத் தவறவிட்டாள். பேருந்தில் ஏறி இரவு எட்டு மணியளவில் வீடு வந்து சேர்ந்தாள். நடந்தது இவ்வளவுதான். அதற்காகச் சமூக ஊடகங்களில் அந்தத் தாய்க்குச் சூட்டப்பட்ட பட்டங்களை இங்கே திருப்பி எழுத எனக்கு மனம் வரவில்லை. "பிள்ளையை அவிழ்த்து விட்டிருக்கிறாள்" என்பதுதான் அவற்றில் மிக மென்மையானது.

அவர் அவிழ்த்து விடவில்லை, பழக்கினார். ஒரே தொடர்மாடியில் குடியிருப்பதால் எனக்கு இது தெரியும். முதலில் காலி வீதியைக் கடந்து கடைக்குப் போய் வரவும், பிறகு பம்பலப்பிட்டி ரியூஷனுக்குத் தனியே பேருந்தில் போகவும், அதன் பிறகு கல்கிசை வரை புகையிரதத்தில் போய்த் திரும்பவும் அந்தப் பிள்ளையை அவர் பழக்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அவளுடைய பையில் புகையிரத நேரங்களும் தாயின் தொலைபேசி இலக்கமும் எழுதிய தாள் ஒன்று இருந்தது. திரும்பி வருவதற்கான காசு வேறாக ஒரு சின்னப் பேர்சில் இருந்தது. கைத்தொலைபேசியில் சார்ஜ் இறங்கியதும் அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. காலி பஸ் நிலையத்துக்கு அருகில் இருந்த ஒரு மருந்துக்கடைக்குப் போய், தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டு, அங்கிருந்தே தாயை அழைத்து, "வண்டி போய்விட்டது அம்மா, பஸ்ஸில் வருகிறோம்" என்று சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் எத்தனை பேருக்கு இந்த நிதானம் வரும்? இதைத்தான் நீங்கள் "பிள்ளை காணாமல் போனது" என்று எழுதினீர்கள்.

"காலம் கெட்டுக் கிடக்கிறது" என்று எனக்குப் பாடம் எடுக்க வந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1996 ஜூலை 24 அன்று தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, நான் பம்பலப்பிட்டியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. அன்றிலிருந்து அம்மா என்னைப் புகையிரதத்தில் ஏற விடவில்லை. பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசாதே, பொட்டை அழித்துவிட்டுப் போ, அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திரு என்ற சொற்களைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவரை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோட்டைப் புகையிரத நிலையத்தில், எந்த மேடைக்குப் போக வேண்டும் என்று கேட்க வாய் வராமல் நின்ற இருபது வயதுப் பெண்ணும் நான்தான். போர் 2009 இல் முடிந்துவிட்டது. அந்தப் பயத்தை மட்டும் நாங்கள் பிள்ளைகளுக்குச் சீதனம் போலக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நெதர்லாந்தின் லோரா டெக்கரை நினைத்துப் பாருங்கள். தனியே பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் போகிறேன் என்று 13 வயதில் அவள் சொன்னபோது, தந்தை சம்மதித்தும், 2009 இல் நீதிமன்றம் குறுக்கிட்டு அவளைச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளின் மேற்பார்வையில் வைத்தது. பெரிய படகு, முதலுதவிப் பயிற்சி, கடலில் தனியே தூக்கத்தைச் சமாளிக்கும் பயிற்சி என்று அவள் ஆயத்தமான பிறகு, 2010 ஜூலையில் அந்த மேற்பார்வை நீக்கப்பட்டது. 2012 ஜனவரி 21 அன்று, 16 வயதில், அவள் பயணத்தை முடித்தாள். என் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பப் போகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அங்கே கேட்கப்பட்டது பிள்ளை ஆயத்தமா என்ற கேள்வி. இங்கே அந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதே 2010 இல், அவளைப் போலவே தனியே உலகைச் சுற்றப் புறப்பட்ட அமெரிக்காவின் 16 வயது அபி சண்டர்லாந்தின் படகு இந்து சமுத்திரத்தில் பாய்மரம் முறிந்து நின்றதையும், அவளுடைய பெற்றோரை உலகமே ஏசியதையும் நான் அறிவேன். ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடலையும் காலிப் பயணத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

"உனக்கும் ஒரு பெண்பிள்ளை இருந்தால் தெரியும்" என்று எழுதியிருந்தார் என்னை நன்றாக அறிந்த ஒருவர். எனக்குப் பெண்பிள்ளை இருக்கிறாள், அவளுக்கு 13 வயது என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வரி எனக்கு வலித்தது. பின்னேரங்களில் மரைன் டிரைவில் அதே வயது ஆண்பிள்ளைகள் பாறைகளைத் தாண்டிக் கடலில் இறங்குகிறார்கள். அந்தக் கடல் எப்படிப்பட்டது என்று வெள்ளவத்தைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய தாய்மாரைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா? பேருந்துகளில் நடப்பவை எனக்குத் தெரியாதவை அல்ல. இலங்கையில் 90 வீதமான பெண்கள் பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாக ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் கோபம் தொந்தரவு செய்பவன் மீது அல்லவா வர வேண்டும்? சத்தம் போடவும், நடத்துநரிடம் சொல்லவும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை அழைக்கவும் பிள்ளைக்குப் பழக்குவதை விட்டுவிட்டு, அவளை வீட்டுக்குள் பூட்டச் சொல்வது என்ன நியாயம்?

இத்தனைக்கும், உயர்தரப் பரீட்சை முடிந்ததும் இதே பிள்ளைகளைக் காணி விற்றாவது லண்டனுக்கும் மெல்பேணுக்கும் அனுப்புகிறோம். பதினெட்டு வயது வரை கொள்ளுப்பிட்டிக்குத் தனியே போகாத பிள்ளை, ஒரே இரவில் கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, தெரியாத ஊரில் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட வேண்டும். அப்போது யாரும் அந்தத் தாயை ஏசுவதில்லை. பெருமையோடு படம் போடுகிறோம். அந்த நாளுக்குப் பிள்ளையைப் பழக்கியவர்தான் இன்று குற்றவாளியாகி நிற்கிறார்.

கடைசியாக ஒன்று. அந்தப் பிள்ளை பாடசாலைச் சீருடையோடு நிற்கும் படத்தை, அவளுடைய பாதுகாப்புக்காகக் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள்தான் பகிர்ந்தார்கள். கழுத்துப்பட்டியைப் பார்த்தாலே எந்தப் பாடசாலை என்று தெரிகிறது. காலியில் அவளுக்கு யாரும் தீங்கு செய்யவில்லை. இங்கே நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள். என்னோடு உடன்படாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் படத்தை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.