71 எடுத்தால் 71தானே?

என் சிஜிபிஏ, அதாவது எல்லா செமஸ்டர் கிரேடும் சேர்ந்த சராசரி, 10-க்கு 7.98. இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்க வந்திருக்கும் கம்பெனி கேட்பது 8. கூகுள் ஃபார்மில் என் எண்ணைப் போட்டதும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது, கதை முடிந்தது. பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருப்பவரிடம் போய், "சார், ரவுண்ட் பண்ணினா 8தானே?" என்று கேட்டுப் பார்த்தேன். "இதை ரவுண்ட் பண்ணினா நாளைக்கு 7.5 வந்து நிப்பான்மா" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் நான்காவது செமஸ்டரில் வாங்கிய ஒரே ஒரு பி பிளஸ் மேல். ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் எடைக்கேற்ப கிரெடிட் உண்டு, நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து 88 கிரெடிட். நான் சேர்த்த புள்ளி 702. வகுத்தால் 7.98. அந்த 4 கிரெடிட் பாடத்தில் பி பிளஸுக்குப் பதிலாக ஏ வந்திருந்தால் கிரெடிட்டுக்கு ஒரு புள்ளி கூடி 706. வகுத்துப் பாருங்கள், 8.02. லேப் அப்சர்வேஷன் நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க இந்த ஒரு வகுத்தல்தான். எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

ஒழுங்காகப் படித்திருந்தால் ஏ வந்திருக்குமே என்பீர்கள். படித்தேன். 100-க்கு 71 வாங்கினேன். என் ரூமில் ஜன்னலோரக் கட்டில்காரி பக்கத்து செக்‌ஷன். அதே பாடம், அதே கேள்வித்தாள். அவள் வாங்கியது 67. அவளுக்கு ஏ, எனக்கு பி பிளஸ்.

ரிசல்ட் வந்த அன்று அப்பாவுக்கு இதை விளக்க முயன்றேன். அப்பா சிவகாசியில் அச்சாபீஸில் மெஷின் ஓட்டுகிறவர். "71 எடுத்தா 71தானே பாப்பா?" என்றார். இல்லப்பா, கிளாஸ்ல மத்தவங்க எவ்வளவு எடுத்தாங்கன்னு பாத்துத்தான் கிரேடு போடுவாங்க என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் மெஷின் ஓடும் ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னார்: "ஒரு ரீம்னா 500 தாளு. பக்கத்து மெஷின்காரன் என்ன ஓட்டினான்னு பாத்துட்டா என் ரீம்ல எத்தன தாளு இருக்குன்னு சொல்லுவாங்க?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பெரிய பெரிய ஆட்களிடமும் இருக்கும் என்று தோன்றவில்லை.

ரிலேட்டிவ் கிரேடிங் என்று பெயர். வகுப்பின் சராசரியை எடுப்பார்கள். பத்தாம் வகுப்பில் படித்தோமே திட்ட விலக்கம், அதையும் எடுப்பார்கள். சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்துக் கோடு கிழிப்பார்கள். எங்கள் செக்‌ஷனில் ஏ ஆரம்பித்தது 73-இல். பக்கத்து செக்‌ஷனில் 66-இல். நடுவில் இருந்தது ஒரு செங்கல் சுவர்.

இதற்கு வக்காலத்து வாங்கும் சீனியர்கள் உண்டு. கேள்வித்தாள் கஷ்டமாக இருந்தால் எல்லோருக்கும் மார்க் குறையும், கோடும் கீழே இறங்கும், உனக்கு நல்லதுதானே என்பார்கள். ஒரு வாத்தியார் கறாராகத் திருத்துவார், இன்னொருவர் தாராளமாகப் போடுவார், அதைச் சமன் செய்யத்தான் இது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். போன வருடம் ஒரு பாடத்தில் சிலபஸிலேயே இல்லாத கேள்வியாகப் போட்டு வைத்திருந்தார்கள். சராசரி 40-ஐத் தொடவில்லை. இந்தக் கோடு இறங்கி வந்ததால்தான் அன்றைக்குப் பாதிப் பேர் பிழைத்தோம். அதை மறைக்கவில்லை.

ஆனால் எங்கள் செக்‌ஷன் சராசரி ஏன் ஏறியது தெரியுமா? எங்கள் வாத்தியார் நன்றாக நடத்துவார் என்று காலேஜ் முழுக்கப் பேர். செமஸ்டர் தொடக்கத்தில் ஆன்லைனில் பதிவு செய்யும்போது எந்த ஆசிரியரிடம் படிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், முந்துகிறவர்களுக்கு இடம். விடியற்காலையில் எழுந்து, தட்கால் டிக்கெட் எடுப்பதுபோல விரலைத் தயாராக வைத்துக்கொண்டு அவர் செக்‌ஷனில் இடம் பிடித்தேன். நான் மட்டுமா, படிக்கிற கூட்டம் மொத்தமும் அங்கேதான் வந்து விழுந்தது. மனிதர் பேருக்குத் தகுந்தாற்போலவே நடத்தினார். பிபிடியைப் போட்டு வாசிக்கிற வேலையெல்லாம் கிடையாது. சாக்பீஸும் கையுமாக நின்று, கடைசி பெஞ்ச் வரை புரிந்ததா என்று கேட்டுக் கேட்டு நடத்தினார். எல்லோருக்கும் புரிந்தது. எல்லோரும் எழுதினோம். எல்லோரும் சேர்ந்து மேலே போனோம், கோடும் எங்களோடு சேர்ந்து மேலே போய்விட்டது.

அதாவது ஒரு வாத்தியார் உயிரைக் கொடுத்து நடத்தினாலும் வகுப்பில் ஒருத்தருக்குக்கூட அதனால் கிரேடு ஏறாது. தூங்கி வழிந்து நடத்தினாலும் இறங்காது. இதைக் கண்டுபிடித்த புத்திசாலிகள் இப்போது பதிவு நேரத்தில் நல்ல வாத்தியாரைத் தேடுவதில்லை. எந்த செக்‌ஷனில் சுமாராகப் படிக்கிறவர்கள் அதிகம் சேர்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் தயார் செய்கிறார்கள். நிஜமாகவே எக்ஸெல் ஷீட் போட்டு! ஒரு பல்கலைக்கழகம், பிள்ளைகளை நல்ல வாத்தியாரிடமிருந்து தப்பி ஓட வைத்திருக்கிறது.

இதில் வயிறு எரிகிற விஷயம், அந்தப் பாடம் எது என்பது. ப்ராபபிலிட்டி அண்ட் ராண்டம் பிராசஸஸ், நிகழ்தகவுக் கணக்கு. இந்தக் கோடு எந்தக் கணக்கை வைத்துக் கிழிக்கப்படுகிறதோ அதையே கற்றுக்கொடுக்கிற பாடம். நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும் அந்தக் கோயில் மணி வடிவ வளைவைப் போர்டில் வரைந்துவிட்டு எங்கள் சார் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சாம்பிள் தற்செயலாக எடுத்ததாக இருக்கணும், ஒன்றை ஒன்று பாதிக்கக் கூடாது, எண்ணிக்கையும் போதுமானதாக இருக்கணும். இதையே 16 மார்க் கேள்விக்கு நான் பக்கம் பக்கமாக எழுதினேன்.

நாங்கள் தற்செயலாக வந்த கூட்டமா? பிளஸ் டூவில் கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு என்று மாற்றி, மொத்தம் 200-க்கு கட்-ஆஃப் போட்டு, அரை மார்க் அரை மார்க்காக வடிகட்டி எடுத்த கூட்டம். என் கட்-ஆஃப் 195.5. மார்க் ஒன்றாக இருந்தால் கணிதத்தைப் பார்த்து, இயற்பியலைப் பார்த்து, பிறந்த தேதி வரை போவார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் ரேண்டம் எண் கொடுப்பார்கள். அத்தனை சல்லடையிலும் விழாமல் நின்ற 66 பேரை ஒரு அறையில் உட்கார வைத்துவிட்டு, இதில் இத்தனை பேர் சுமார், இத்தனை பேர் மட்டம் என்று மறுபடி வளைவு வரைந்தால் என்ன கணக்கு இது? காஸ் என்ற ஜெர்மன்காரர் 1809-இல் இந்த வளைவைப் பற்றி எழுதியது கோள்களின் பாதையை அளக்கையில் வரும் பிழைகளுக்காக. இங்கே அந்தப் பிழைகளின் இடத்தில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த சாரையே போய்ப் பார்த்தேன். பாவம், நல்ல மனிதர். "கூட்டல் சரியா இருக்காம்மா?" என்றார். இருக்கு சார். "திருத்தினதுல ஏதாவது குறை?" இல்ல சார். "அப்புறம் என்னம்மா பண்றது? கிரேடு நான் போடல, சாஃப்ட்வேர் போடுது." போர்டில் மணி வளைவு வரைந்து இது எங்கெல்லாம் பொருந்தாது என்று சொன்ன அதே வாய். நானும் தேங்க்யூ சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு தேங்க்யூ சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. பழக்கம்.

மற்றதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். 75 சதவீத அட்டென்டன்ஸ், கையொப்பத்துக்காகக் காலைக்கடனை அடக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்பது, மெஸ் சாம்பார் எல்லாமே எந்தக் காலேஜிலும் உண்டு. இந்தக் கோடு வேறு ஜாதி. இது மனுஷியையே மாற்றிவிடுகிறது.

முதல் செமஸ்டரில் நாங்கள் ரூமில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் படித்தோம். நான் தமிழ் மீடியம். 'டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்' என்று சொன்னால் முதலில் மனதுக்குள் வகைக்கெழுச் சமன்பாடு என்று மாற்றிக்கொண்டு, அதற்குள் வகுப்பு அடுத்த ஸ்லைடுக்குப் போயிருக்கும். ஜன்னலோரக் கட்டில்காரிதான் இரவு இரவாக எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஈரோட்டுப் பெண், சிபிஎஸ்இ, பொறுமைசாலி. அவள் இல்லையென்றால் முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர் விழுந்திருக்கும்.

மூன்றாவது செமஸ்டரிலிருந்து காட்சி மாறியது. "படிச்சிட்டியாடி?" "எங்கடி, ஒண்ணுமே தொடல." விளக்கை அணைத்த பிறகு நான்கு போர்வைக்குள்ளும் நான்கு செல்போன் வெளிச்சம். ஒருத்தர் கொஸ்டின் பேங்க்கைக் குரூப்பில் போட்டுவிட்டு அரை நிமிடத்தில் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுக்கிறார், தவறுதலாக வந்துவிட்டதாம். லைப்ரரியில் ஒரே ஒரு பிரதி இருக்கும் புத்தகத்தில் சரியாக மூன்றாவது யூனிட் மட்டும் பிளேடால் அறுத்த மாதிரி காணாமல் போயிருக்கிறது. வகுப்பில் யாராவது சந்தேகம் கேட்டால், ஐயோ இவள் கேட்டு எல்லோருக்கும் புரிந்துவிடப் போகிறதே என்று பல்லைக் கடிக்கிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து நானே கடித்திருக்கிறேன்.

இந்த ஊரில் மிச்சமிருக்கும் ஒரே பொதுவுடைமைவாதி பின் கேட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை அண்ணன்தான். நீங்கள் எதைக் கொடுத்து நகல் எடுத்தாலும் அவர் தனக்கென்று ஒரு பிரதி போட்டு வைத்துக்கொள்வார். அடுத்த ஆள் வந்து பாடத்தின் பெயரைச் சொன்னால் போதும், எடுத்து நீட்டுவார். பக்கத்துக்கு ஒரு ரூபாய், ஸ்பைரல் பைண்டிங் தனி. டாப்பருக்கும் அதே நோட்டு, நாலு அரியர்க்காரனுக்கும் அதே நோட்டு. எத்தனையோ பேர் "அண்ணா, இதை யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். சரிம்மா சரிம்மா என்பார். கொடுத்துவிடுவார்.

நானும் கெஞ்சினேன். போன வாரம்தான். 7.98 தெரிந்த பிறகு, இனி ஒரு பாடத்திலும் விடக்கூடாது என்று வெறி. கோல்டு மெடல் வாங்கிய சீனியர் அக்கா ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய கைப்பட எழுதிய நோட்டை வாங்கினேன். 140 பக்கம். நகல் எடுத்து, ஓரங்களில் எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் பென்சிலால் குறித்துக்கொண்டேன். சில பக்கம் மங்கலாக விழுந்திருந்தது, அதனால் மறுநாள் போய், குறித்ததோடு சேர்த்து இன்னொரு நகல் எடுத்தேன். "அண்ணா, யாருக்கும் வேணாம்ணா." "சரிம்மா சரிம்மா."

இந்த செமஸ்டரில் நானும் ஜன்னலோரக் கட்டில்காரியும் ஒரே செக்‌ஷன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள், "அந்த அக்கா நோட்டு உன்கிட்ட இருக்குன்னு சொன்னாங்களே?" நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இல்லடி, அவங்க வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம்" என்றேன். நோட்டு அந்தத் துணிக்கு அடியில்தான் இருந்தது.

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு அவள் வெளியிலிருந்து வந்தாள். கையில் புது ஸ்பைரல் பைண்டிங், நீல அட்டை. டேபிளில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். காற்றில் பக்கம் புரண்டது. அக்காவின் கையெழுத்து. ஓரத்தில், ஜெராக்ஸ் மையில் கறுத்து, என்னுடைய பென்சில் குறிப்பு: 'சிஸ்டம் லீனியரா என்று முதலில் பார்'. தமிழில். எங்கள் வகுப்பில் தமிழில் குறிப்பெழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மெஸ் மூடிருவாங்க. வர்றியா?"