கடல்நீரில் குளிர்வித்தாலும் சர்வர் மின்சாரம் குடிக்கும்

'கடல்நீர், வெளிக்காற்று வைத்துக் குளிர்வித்தால் தரவு மையத்தின் மின்செலவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம்' என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. குறைவது குளிரூட்டும் செலவுதான்; மையத்தில் ஓடும் கணினிகளான சர்வர்கள் இழுக்கும் மின்சாரம் அப்படியே இருக்கும்.

நீங்கள் காட்டிய பியூஇ (மையத்தின் மொத்த மின்சாரத்தை சர்வர்கள் இழுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவது) 1.1 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். சர்வருக்கு 100 யூனிட் போனால், குளிரூட்டல், மின்மாற்றி இழப்பு, விளக்கு எல்லாம் சேர்த்துக் கூடுதலாக 10 யூனிட் என்பதுதான் அதன் பொருள். 1.5இலிருந்து 1.1க்கு வந்தால் கூடுதல் செலவு 50இலிருந்து 10 ஆகும். மொத்த மின்சாரத்தில் மிச்சம் சுமார் 27 சதவீதம். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பூஜ்ஜியம் எங்கே, இது எங்கே!

பின்லாந்தின் ஹமினாவில் பழைய காகித ஆலையில் இயங்கும் கூகுள் மையம் கடல்நீரால்தான் குளிர்கிறது. அங்கேயும் தண்ணீரை இழுக்க பம்புகள் ஓடியாக வேண்டும்.

அப்புறம், தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதையும் இதே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். ஒரு யூனிட் மின்சாரம் தரும் வெப்பத்தை ஆவியாக்கி வெளியேற்றவே சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் போகும். அந்தத் தண்ணீர் பியூஇ எண்ணில் தெரியவே தெரியாது. வறட்சியான ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.