பூட்டே இல்லாத கட்டர்

ஸ்டேஷனரி கடையில் இருபது ரூபாய்க்கு விற்கும் பேப்பர் கட்டர் இருக்கிறதே, அதில் பிளேடை நகராமல் பிடிக்கும் பூட்டு என்று பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் பொத்தான். கட்டைவிரலால் தள்ளினால் டிக் டிக்கென்று பல் பல்லாக ஏறும். சரி என்று அட்டைப்பெட்டி மேல் கொஞ்சம் அழுத்தினால் பல் வழுக்கி, பிளேடு மொத்தமும் உள்ளே ஓடிவிடும். பைக்குள் போட்டாலோ தானாக வெளியே எட்டிப் பார்க்கும்!

மழுங்கிய முனையை ஒடித்துப் போடும் பிளேடு 1956-லேயே ஜப்பானில் வந்துவிட்டது. ஒகாடா யோஷியோ என்பவருக்கு சாக்லேட் கட்டியைப் பார்த்து வந்த யோசனை. அப்புறம் திருகிப் பூட்டும் சக்கரம் வந்தது. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் பிளேடை இழுத்துக்கொள்ளும் கட்டரும் வந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தாலும், பெட்டியை விட்டு விலகிய நொடியில் பிளேடு உள்ளே போய்விடும் ரகம்கூட உண்டு.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னால், "கத்திக்கு எதுக்கு சார் பூட்டு?" என்கிறார்.

முனையை ஒடிக்க வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி, அதிலிருக்கும் பிளவில் செருகி ஒடிக்க வேண்டுமாம். இதில் அந்த மூடிதான் முதல் நாளே கழன்று தொலைந்துபோகிறதே!